இராகுலன் கண்ட கண்ணாடியும் நம் பிள்ளைகளின் கைப்பேசியும்

அசோகச் சக்கரவர்த்தி பொறிப்பித்த சாசனங்களுள் ஒன்று இராசஸ்தானத்துப் பைராட் என்னும் ஊரில் கிடைத்தது. இப்பொழுது அது கொல்கத்தாவிலுள்ள ஆசியக் கழகத்தாரிடம் இருக்கின்றது. பிக்குகளும் பிக்குணிகளும் மட்டுமன்றி, உபாசகரும் உபாசிகையரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டியவை என ஏழு தம்ம உரைகளின் பெயரை அம்மன்னர் அதில் குறித்திருக்கின்றார். ஏழாவதாக நிற்பது, பொய்யுரையைப் பற்றிப் பகவான் புத்தர் இராகுலனுக்குச் செய்த உபதேசம். பேரரசர் ஒருவர் நாடெங்கும் கேட்கத்தக்கதெனத் தெரிந்தெடுத்த ஏழனுள் ஒன்று, தந்தையார் ஒருவர் தம் சிறு மகனுக்குச் சொன்ன பாடமாயிருப்பது கவனிக்கத்தக்கது. இம்மாதப் பாடத்துக்கு அதனையே எடுத்துக்கொள்வோம்.

இராசகிருகத்து வேணுவனத்தில் பகவான் எழுந்தருளியிருந்த காலம். அம்பலட்டிகை என்னுமிடத்தில் இராகுலன் தங்கியிருந்தான். அவனுக்கு அப்பொழுது ஏழு வயது என்பது உரைகாரர் கூறும் மரபு. மாலைப்பொழுதில் பகவான் அங்குச் சென்று, கால் கழுவிய பாத்திரத்தில் சிறிது நீரை மிச்சமாக விட்டு, அதனைச் சிறுவனுக்குக் காட்டினார். அறிந்தே பொய் சொல்ல நாணாதவனிடத்தில் துறவறம் இவ்வளவே எஞ்சும் என்றார். பின்பு அந்நீரையும் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், மீண்டும் நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். இத்தனைக்கும் பிறகு, கண்ணாடி எதற்காக என வினவினார். பார்த்துக்கொள்வதற்கு என்றான் இராகுலன். அவ்வாறே ஒரு செய்கையைச் செய்யுமுன்னும், செய்யும்பொழுதும், செய்த பின்னும், அது தனக்கேனும் பிறர்க்கேனும் இருவர்க்குமேனும் துன்பம் தருமோ என்று பார்த்துக்கொள்ள வேண்டும் எனப் பகவான் போதித்தார்.

இச்சுத்தத்தைப் படிப்போரிற் பலர் இவ்விடத்தோடு நின்றுவிடுவர். ஆனால் அடுத்து வரும் பகுதியே இன்று நமக்கு மிகவும் வேண்டுவது. செய்துவிட்ட செய்கை தீங்கானதெனப் பின்னர்த் தெரிந்தால் யாது செய்வது? ஆசிரியரிடமோ அறிவுடைய உடன்நடப்போரிடமோ சென்று, அதனை மறைக்காமல் திறந்து சொல்லி, இனிமேல் காத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் பகவான். பிழை செய்யாத பிள்ளையை அவர் எதிர்பார்க்கவில்லை. பிழை செய்தபின் வந்து சொல்லும் பிள்ளையை உருவாக்க முயன்றார். அதற்கு வேண்டிய மற்றொன்று அவ்வுபதேசத்திலேயே அடங்கியிருக்கின்றது. வந்து சொல்வதற்குத் தகுதியான ஒருவர் அங்கே இருக்க வேண்டும். பிள்ளைக்கு வாய் இருந்தும், பெரியோர்க்குச் செவி இல்லையேல் அப்பாடம் பாதியில் நின்றுவிடும்.

இதனைப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களின் நிலையில் வைத்துப் பார்ப்போம். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மம் தழுவினார். அதற்குப் பதினெட்டாம் நாள், நவம்பர் 1-இல், மாநில எல்லைகள் மாறின. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று முதல் இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் இடையே கோடு ஒன்று ஓடுகின்றது. பெண் கொடுப்பதும் கொள்வதும், சந்தைக்குப் போவதும் அக்கோட்டைக் கடந்தே நடந்துவருகின்றன. ஆயினும் வீட்டுக்குள்ளே மொழி பிரிந்துவிட்டது. பாட்டிக்கும் தாய்க்கும் தமிழ். பள்ளி செல்லும் பிள்ளைக்கு மலையாளமும் ஆங்கிலமும். பிள்ளை ஆங்கில எழுத்துக்களால் மலையாளத்தைத் தட்டி நண்பரோடு உரையாடும்பொழுது, அருகிலேயே அமர்ந்திருக்கும் தாய்க்கு அதில் ஓரெழுத்தும் விளங்குவதில்லை. தந்தை கட்டட வேலையிலோ, ரப்பர் பால்வெட்டிலோ, வளைகுடா நாட்டிலோ இருப்பார். பிள்ளையின் வாழ்வில் பாதி நடக்கும் இடத்திற்கு வீட்டில் ஒருவர்க்கும் வழி தெரியாது.

கைப்பேசி அவ்வீடுகளுக்குள் வந்ததும் கேளிக்கையாக அன்று. 2020 ஜூன் 1-இல் கேரள அரசு, பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில், 'ஃபஸ்ட் பெல்' என்னும் பெயரால் விக்டேர்ஸ் தொலைக்காட்சி வழியும் இணையம் வழியும் வகுப்புக்களைத் தொடங்கிற்று. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. கடன்பட்டேனும் ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுப்பது கல்வியை விரும்பும் பெற்றோரின் கடமையாயிற்று. ஆதலின் கைப்பேசியைக் கொடுத்ததற்காகப் பெற்றோரைக் குறைகூறுவது நியாயமாகாது. பலகையும் புத்தகமுமாக வந்த பொருள், பிற்பாடு அங்காடியாகவும் அந்நியர் நுழையும் வாசலாகவும் ஆனதை அவர்கள் அறியவில்லை.

அந்நியர் நுழையும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. விளையாட்டுச் செயலியிலோ இன்ஸ்டாகிராமிலோ, ஒத்த வயதுடைய சிறுவன் அல்லது சிறுமியின் பெயரில் ஒருவர் அறிமுகமாவார். பிள்ளையின் படத்தைப் புகழ்வார். வீட்டில் திட்டினார்கள் என்றால் ஆறுதல் கூறுவார். சில நாளில் பலர் காணும் இடத்தைவிட்டுத் தனியுரையாடலுக்கு அழைப்பார். இதை யாரிடமும் சொல்லாதே என்பார். பின்பு படம் ஒன்று கேட்பார். படம் போய்ச் சேர்ந்த கணத்திலே குரல் மாறும்: பணம் அனுப்பு, அல்லது இன்னும் படம் அனுப்பு, இல்லையேல் உன் தந்தைக்கும் ஆசிரியர்க்கும் அனுப்பிவிடுவேன். இப்பொழுது பிள்ளை படம் அனுப்பவும் வேண்டியதில்லை. திருமண வீட்டில் எடுத்த சாதாரணப் படத்தைக் கொண்டே செயற்கை நுண்ணறிவால் ஆபாசப் படம் புனைந்து மிரட்டுகின்றனர். ஒரு குற்றமும் செய்யாத பிள்ளையும் இவ்வாறு அகப்பட்டுக்கொள்ளக்கூடும்.

தீக நிகாயத்துச் சிகாலோவாத சுத்தத்தில் நண்பர் வேடத்தில் வரும் பகைவர் நால்வரைப் பகவான் எடுத்துக்காட்டுகின்றார். எடுத்துக்கொள்வதற்கே வருபவன், வாய்ச்சொல்லில் மட்டும் வழங்குபவன், முகத்துதி செய்பவன், கேட்டிற்குத் துணைவருபவன் என்போர் அவர்கள். முகத்துதி செய்பவன் நல்லதற்கும் தலையசைப்பான், தீயதற்கும் தலையசைப்பான் என்பது அங்குள்ள விளக்கம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்பகுதியைப் படித்து, இந்நால்வரில் யாரை நீங்கள் கைப்பேசியில் கண்டதுண்டு என்று கேட்டுப் பாருங்கள். பெரியோர் அறியாத பல செய்திகள் அன்று வெளிவரும். அதே சுத்தம் செல்வம் அழியும் வழிகள் ஆறனுள் சூதாட்டத்தையும் வைக்கின்றது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுக்களை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டமியற்றித் தடை செய்தது. எனினும் தடைசெய்த பொருள் வேறு பெயரில் மறுபடி வருவதைச் சாராயத்தில் கண்டவர்கள் நாம்.

இம்மிரட்டல்காரரின் வலிமை எதில் இருக்கின்றது? படத்தில் இருப்பதாகப் பிள்ளை நினைக்கின்றது. உண்மையில் அது பிள்ளையின் அச்சத்தில், அதாவது வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற எண்ணத்தில் இருக்கின்றது. தாயிடம் சொல்லிவிட்ட பிள்ளையை மிரட்டுவதற்கு அவனிடம் மிச்சம் இருப்பது மிகக் குறைவு. சொல்லாத பிள்ளையோ மேலும் மேலும் கொடுத்து, சில வேளை உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிகின்றது. ஆகவே, தெரியவந்தால் கைப்பேசியைப் பிடுங்கி உடைத்துவிடுவேன் என்று தந்தை கூறும் சொல், தம் பிள்ளையைக் காப்பதாக அவர் எண்ணினாலும், மிரட்டுபவனுக்கே துணையாகின்றது. இரவில் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டு உறங்குவது நல்ல வழக்கம். பெற்றோரும் அவ்வாறு வைத்தால் இன்னும் நல்லது. அவ்வொழுங்கு வேறு, சொன்னதற்குத் தண்டனை வேறு.

இங்கே நம்மைப் பற்றிய ஒரு கடினமான விஷயத்தைப் பேசியாக வேண்டும். தம்மம் தழுவிய குடும்பங்கள் எண்ணிக்கையிற் குறைந்தவை. உறவினரிற் பலர் பழைய வழியிலும் கிறிஸ்தவத்திலும் இருப்பர். அவர்கள் கண்கள் நம்மேல் இருக்கும். பிள்ளைக்கு ஒரு கேடு நேர்ந்தால், மதம் மாறியவர் வீட்டுப் பிள்ளையைப் பாருங்கள் என்ற ஏச்சு எழும் என அஞ்சுகின்றோம். அவ்வச்சத்தால் செய்தியை வீட்டோடு மூடுகின்றோம். சங்கத்துப் பெரியவரிடம் சென்றாலும், நம் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற சொல்லே முதலில் வருகின்றது. பிள்ளையின் பாதுகாப்பும் சங்கத்தின் பெயரும் எதிரெதிரே நிற்குமாயின், எதனை விடுவது? பேர்பெறவா நாம் சரணம் புகுந்தோம்? பிறப்பைக் காட்டி அவமதித்த உலகை விட்டு வந்தவர்கள், அவமானத்தையே பிள்ளையை அடக்கும் கோலாகப் பயன்படுத்துவது முறையாகாது.

சிகாலோவாத சுத்தத்தில் மற்றொரு குறிப்பும் உண்டு. பெற்றோர், ஆசிரியர், மனைவி, நண்பர், பணியாளர் ஆகிய ஒவ்வொரு திசைக்கும் ஐந்தைந்து கடமை கூறிய பகவான், மேல்திசையாகிய அறவோர்க்கு மட்டும் இல்லறத்தார்பால் ஆறு கடமை வகுத்தார். தீமையினின்று விலக்குதல், நன்மையில் நிறுத்தல், அன்பு நெஞ்சோடு பரிதல், கேளாததைக் கேட்பித்தல், கேட்டதைத் தெளிவித்தல், நற்கதிக்கு வழிகாட்டுதல் என்பன அவை. கேளாததைக் கேட்பித்தல் என்னும் நான்காவது கடமைக்கு இணையத்தைப் பற்றிய அறிவும் உட்பட்டதே என்பது எம் கருத்து. வந்தனையும் பிரித்தும் முடிந்து பாயாசம் அருந்திக் கலையும் கூட்டத்தில், மாதம் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கினால் குறைவொன்றும் வராது.

யார் கற்பிப்பது என்ற கேள்விக்குக் கேரளத்திலேயே விடை இருக்கின்றது. அரசின் 'கைட்' நிறுவனம் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் கணினி மன்றங்களை 2018 முதல் நடத்திவருகின்றது. 2022-இல் அம்மன்றங்கள் வழியாக 'அம்மா அறியான்' என்ற பெயரில் தாய்மாருக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி அளித்தனர். கடவுச்சொல் காப்பது, பொய்ச்செய்தியை அறிவது, மோசடியை இனங்காண்பது முதலியவற்றை மாணவரும் நின்று கற்பிக்க, தாய்மார் அமர்ந்து கேட்டனர். இம்முறையில் ஒரு நுண்மை உண்டு. தாய்க்குக் கற்பித்த பிள்ளை, பின்பு தனக்கு ஓர் இடர் வந்தால், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுக்கிவிடுவதில்லை. நம் கூட்டங்களிலும் அப்படிப்பட்ட மாணவர் இருவரை அழைத்து, பாட்டிமார்க்கும் விளங்கும்படி தமிழிற் சொல்லச் சொல்லலாம். கிராம வாசகசாலையும் குடும்பஸ்ரீ அயல்கூட்டமும் இதற்கு இடம் தரக்கூடியவை. ஞாயிறு வேதபாட வகுப்பு நடத்தும் தேவாலயத்தார், மதரசா நடத்துவோர், ஸ்ரீ நாராயண சங்கத்தார் ஆகியோரும் இக்கவலையில் நம்மைப் போன்றவரே. அவர்களோடு சேர்ந்து ஒரு வகுப்பு நடத்துவதால் நம் சரணத்துக்கு ஊனமில்லை.

கற்பிப்பதினும் அரியது செவிகொடுப்பது. ஒவ்வொரு சங்கத்திலும் இருவரை, அவருள் ஒருவரேனும் பெண்ணாக, இதற்கென நியமித்துப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். பெற்றோரிடம் நேரே சொல்ல இயலாத பிள்ளை முதலில் அவர்களிடம் சொல்லட்டும். அவர்கள் உடனிருந்து பெற்றோரிடம் சொல்லச் செய்யட்டும். முதற்சொல் யாதாக இருக்க வேண்டும் என்பதையும் முன்பே பழகிக்கொள்ளல் நன்று. ஏன் செய்தாய் என்பது முதற்சொல்லாகலாகாது. நம் ஊர்ப் பேச்சிலேயே, "மக்களே, வந்து சொன்னது நல்லதாச்சு, இனி இது எங்க பொறுப்பு" என்றால் போதும். ஏனைய விசாரணை பிறகு நடக்கலாம். நடந்ததைக் கூட்டத்தில் பேசுவதும், பெயர் கூறாமலே எல்லார்க்கும் தெரியும்படி உபதேசத்தில் எடுத்துக்காட்டுவதும் அறவே கூடாதவை.

சங்கத்தாரிடமிருந்தே தீங்கு வாராது என்று எண்ணிவிடவும் கூடாது. விநய பிடகத்தில் 'அநியதம்' என்ற தலைப்பில் இரு விதிகள் உள. பிக்கு உதாயி மறைவான ஆசனத்தில் ஒரு பெண்ணோடு தனித்திருந்ததை விசாகை என்னும் உபாசிகை கண்டு கண்டித்ததிலிருந்து அவை பிறந்தன. நம்பத்தக்க உபாசிகை ஒருத்தி கண்டு சொன்னால் அப்பிக்குவை விசாரிக்க வேண்டும் என்பது அவ்விதி. துறவியின் பெருமையைக் காட்டிலும் இல்லறப் பெண்ணின் சாட்சிக்கு இடங்கொடுத்த விதி அது. கைப்பேசியின் தனியுரையாடல் இக்காலத்து மறைவான ஆசனம் என்க. தம்ம ஆசிரியரோ, சங்கச் செயலாளரோ, இளைஞர் தலைவரோ பிள்ளையொன்றோடு தனியே செய்தி பரிமாறலாகாது. எழுத வேண்டியதைப் பெற்றோரும் இருக்கும் குழுவில் எழுதலாம். வைகாசி விழாவில் எடுத்த பிள்ளைகள் படத்தைப் பெற்றோர் இசைவின்றி வெளியிடுவதையும் நிறுத்திக்கொள்வோமாக. மத நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அந்நிறுவனத்துப் பிள்ளையிடம் செய்யும் பாலியல் வன்கொடுமையைக் கொடிய வகையெனத் தனியே வைத்து 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தண்டிக்கின்றது.

அச்சட்டத்தை நம்மவர் இன்னும் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் அனைவரும் அதன்படி குழந்தைகளே. குற்றம் நடந்ததென்று அறிந்தவர், அவர் உறவினராயினும் சங்கத் தலைவராயினும், காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், தெரிவியாமை குற்றம். ஊர்ப் பெரியோர் கூடிப் பேசித் தீர்ப்பதற்கு அங்கே இடமில்லை. காவல் நிலையம் என்றதும் தாய்மார் நடுங்குவது இயல்பு. ஆனால் பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரியே, சீருடையின்றி, பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடனிருக்கப் பதிவு செய்ய வேண்டுமென்றும், இரவில் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கலாகாதென்றும் அச்சட்டமே விதிக்கின்றது. நாம் நியமித்த செவிகொடுப்போர் அந்நம்பிக்கைக்குரிய ஒருவராய் உடன் செல்லலாம்.

எல்லைக் கிராமத்தார்க்கு ஒரு தனிச் செய்தி. வீடு பாறசாலையில், மாமன் வீடு களியக்காவிளையில், மிரட்டுபவன் எங்கோ வடநாட்டில். யாரிடம் புகார் கொடுப்பது என்று மயங்க வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஏற்றுப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் கடமை.

புகாருக்கு முன் செய்யத்தக்கவை சில. பணம் அனுப்பலாகாது, ஒருமுறை கொடுத்தவரிடமே மறுமுறை கேட்கின்றனர். மிரட்டல் செய்திகளையும், அனுப்பியவன் கணக்குப் பெயரையும், தொலைபேசி எண்ணையும் அழிக்காமல் காத்துக்கொள்ள வேண்டும்; அதன் பின்னரே அவனைத் தடுத்து வைக்கலாம். பிள்ளையின் ஆபாசப் படத்தை மட்டும், சான்றாகக் காட்டுகின்றேன் என்று எவர்க்கும் அனுப்பலாகாது. சங்கத் தலைவர்க்கும் கூடாது. கைப்பேசியை அப்படியே அதிகாரியிடம் காட்டுவதே முறை. இவ்விஷயத்தில் சென்னை வழக்கு ஒன்று முக்கியமானது. கைப்பேசியில் குழந்தைகள் ஆபாசப் படத்தை இறக்கித் தனியே பார்ப்பது மட்டும் குற்றமாகாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, அத்தகைய படங்களை அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பதும் போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவுக்குள் வரக்கூடும் என்று விளக்கிற்று. குழுவில் வந்ததை இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிடும் நம் இளைஞர்க்கு இதனை எடுத்துச் சொல்லுங்கள். வெளியாகிவிட்ட படம் மேலும் பரவாதபடி தடுக்க, 'டேக் இட் டவுன்' என்னும் இலவச இணையச் சேவை 2023 முதல் உண்டு. படத்தை அனுப்பாமலே, அதிலிருந்து எடுத்த எண்குறியை மட்டும் கொண்டு, அச்சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அப்படத்தைக் கண்டு நீக்குகின்றன.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ளத் தடைவிதித்திருக்கின்றது. நம் நாட்டில் 2023-இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டுக்குட்பட்டோர் தகவலைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்கின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்து படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. இவை பயன் தரட்டும். ஆயினும் பொய் வயது கொடுத்துக் கணக்குத் தொடங்கக் கற்ற பிள்ளைகள் நம் வீட்டிலேயே இருக்கின்றனர். இராகுலனுக்குச் சொன்ன முதற்பாடமும் பொய்யைப் பற்றியதே என்பதை இவ்விடத்தில் அவர்களுக்கு நினைவூட்டலாம். கடிந்துரையாக அல்லாமல், பொய் வயது சொன்னவரிடம் தளமும் பெரியவருக்குரிய பொருளையே காட்டும் என்ற விவரத்தோடு.

அடுத்த பௌர்ணமிக் கூட்டத்துக்குள் சங்க அறிவிப்புப் பலகையில் பின்வருவனவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். இணையக் குற்றத்துக்கும் பண மோசடிக்கும் 1930. பணம் போயிருந்தால் அந்த மணிநேரத்திலேயே அழைக்க வேண்டும். ஆபத்திலுள்ள பிள்ளைக்கு 1098. மனக்கலக்கத்துக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பேசக்கூடிய 'டெலி மானஸ்' 14416. கேரளக் காவல் துறையார் 2020-இல் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய 'சிரி' ஆலோசனைத் தொடர்பு 9497900200. இவற்றின் கீழே, செவிகொடுப்போர் இருவரின் பெயரும், அவர்கள் கூட்டத்துக்கு வரும் நாளும் நேரமும் குறிக்கப்படல் வேண்டும். பலகை இல்லாத இடத்தில் போதிமரப் படத்தின் கீழ் ஒட்டிவைத்தாலும் போதும். பிள்ளைகள் கண்மட்டத்தில் இருக்கட்டும்.